மென்பொருள் இசைத்தொகுப்பி (மின்னணு நடன இசை)

மென்பொருள் இசைத்தொகுப்பி என்பது கணினியில் இயங்கி, எண்களைக் கணித்து அவற்றை இசையொலியாக மாற்றித் தரும் நிரல் ஆகும். இது சாஃப்ட்வேர் சிந்தசைசர் என்றும், இசைக்கலைஞர்களிடையே சுருக்கமாக சாஃப்ட்சிந்த் என்றும் வழங்கப்படுகிறது. மின்சுற்றுகளும் குமிழ்களும் கொண்ட வன்பொருள் இசைத்தொகுப்பி செய்யும் பணியை இது கணினியின் செயலியைக் கொண்டே செய்கிறது. ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டிரம் அண்டு பேஸ், டப்ஸ்டெப் முதலிய மின்னணு நடன இசை வகைகளில் கேட்கும் ஒலிகளில் பெரும்பகுதி இன்று இத்தகைய நிரல்களிலிருந்து பெறப்படுகிறது.

இந்நிரல்கள் நூற்றுக்கணக்கில் கிடைப்பதால், எதனைத் தெரிவு செய்வது என்பது இத்துறையில் புதிதாக நுழைவோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கலாக உள்ளது. புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் எதனைப் பயன்படுத்துகிறார் என்பதை விட, தேவைப்படும் ஒலி எது, கையில் உள்ள கணினி எத்தகையது, மென்பொருளின் உரிமம் எவ்வளவு காலம் கைகொடுக்கும் ஆகிய மூன்றுமே இத்தெரிவில் முதன்மையானவை. தமிழிசை மரபிலிருந்து வருவோருக்குச் சுருதியும் கமகமும் நான்காவது அளவுகோலாக அமைகின்றன. இசை ஒலிக்கப்படும் இடமும் தெரிவைப் பாதிக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம் - மாமல்லபுரம் கடற்கரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கட்டுரையின் இறுதியில் விளக்கப்படுகிறது.

பெயர்

சிந்தசைசர் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரே கலைச்சொல் இன்னும் நிலைபெறவில்லை. இசைத்தொகுப்பி, ஒலித்தொகுப்பி, ஒலியியற்றி ஆகிய சொற்கள் ஆளப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இக்கருவியைக் கீபோர்டு என்றே அழைப்பர். எனினும் கீபோர்டு என்பது வாசிக்கும் கட்டைகளை மட்டுமே குறிக்கும். கட்டைகள் இல்லாத இசைத்தொகுப்பிகளும், தனக்கென ஒலி ஏதும் இல்லாது கணினிக்குக் கட்டளை மட்டும் அனுப்பும் கீபோர்டுகளும் உள்ளன. பின்னதை மிடி கீபோர்டு என்பர்.

வரலாறு

ராபர்ட் மோக் 1964இல் உருவாக்கிய கூறுநிலை இசைத்தொகுப்பியும், 1970இல் வெளிவந்த மினிமோக் கருவியும் இத்துறையின் தொடக்ககாலக் கருவிகளுள் முதன்மையானவை. சப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980இல் டிஆர்-808 தாளக்கருவியையும், 1981இல் டிபி-303 பேஸ் கருவியையும் வெளியிட்டது. 1983இல் யமகா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 வெளிவந்தது. அதே ஆண்டில், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் மிடி சீர்தரமும் நடைமுறைக்கு வந்தது.

கணினிச் செயலிகளின் வேகம் கூடியதும், மின்சுற்றுகள் செய்த பணியை நிரல்களைக் கொண்டே செய்ய முடிந்தது. செருமனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்டி என்னும் செருகுநிரல் சீர்தரத்தை அறிமுகப்படுத்தியது. 1999இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, இசைக்கருவிகளையும் செருகுநிரல்களாக எழுத வழிவகுத்தது. 2000களின் நடுப்பகுதியில் நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் மாசிவ், லென்னார்டிஜிட்டல் நிறுவனத்தின் சைலெந்த்1 ஆகியவையும், 2014இல் எக்ஸ்ஃபர் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் சீரம் என்பதும் வெளிவந்து நடன இசையில் பரவலாகப் பயன்பட்டன.

இந்தியாவில்

அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மோக் இசைத்தொகுப்பியை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கு உருவாக்கிய ஒலிப்பதிவுகள் நெடுங்காலம் வெளியுலகம் அறியாது இருந்து, 2023இல் தொகுப்பாக வெளியிடப்பட்டன.

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். இதில் ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய கருவிகளை அவர் பயன்படுத்தினார். சிகாகோ நகரில் ஆசிட் ஹவுஸ் என்னும் வகை தோன்றியதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அதனை ஒத்த ஒலி இத்தட்டில் அமைந்திருந்தது. 2010இல் மறுவெளியீடு கண்ட பின்னரே இது உலக அளவில் அறியப்பட்டது.

தமிழ்த் திரையிசையில், 1986இல் கே. பாலச்சந்தர் இயக்கத்தில் வெளிவந்த புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா கணினிவழி இசையைப் பயன்படுத்தினார். 1992இல் ரோஜா படத்தின் மூலம் அறிமுகமான ஏ. ஆர். ரகுமான், கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த ஒலிப்பதிவுக்கூடத்தில் இசைத்தொகுப்பிகளையும் கணினியையும் கொண்டு இசையமைத்தார். அவர் 2008இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் இசைத் தொழில்நுட்பமும் ஒரு பாடமாக உள்ளது.

இயங்கும் முறை

பெரும்பாலான இசைத்தொகுப்பிகள் பின்வரும் உறுப்புகளைக் கொண்டுள்ளன.

- அலையியற்றி: ஆசிலேட்டர் எனப்படும் இது அடிப்படை அலைவடிவத்தை உருவாக்குகிறது. சைன் அலையில் மேற்சுரங்கள் இல்லை. ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும், சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் இருக்கும்.
- வடிகட்டி: ஃபில்டர் எனப்படும் இது குறிப்பிட்ட அதிர்வெண்களைக் குறைக்கிறது. நடன இசையில் ஒலி மெல்லத் திறந்துகொண்டு வருவது போலக் கேட்பது பெரும்பாலும் வடிகட்டியின் எல்லை உயர்த்தப்படுவதால் ஆகும்.
- உறை: என்வலப் எனப்படும் இது ஒலி எழுவது, தணிவது, நிலைப்பது, மறைவது ஆகிய நான்கு கட்டங்களைத் தீர்மானிக்கிறது.
- தாழ் அதிர்வெண் அலையியற்றி: இது காதில் கேளாத மெதுவான அலை ஆகும். பிற உறுப்புகளைச் சீராக அசைக்கப் பயன்படுகிறது. டப்ஸ்டெப் இசையில் பேஸ் ஒலி தள்ளாடுவது இதனால் ஆகும்.

மென்பொருளில் இவை யாவும் எண்களே. குறுந்தட்டின் தரத்தில் ஒலியை உருவாக்க ஒவ்வொரு நொடிக்கும் 44,100 மாதிரிகளைக் கணிக்க வேண்டும். இதில் பாதியான 22,050 எர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்களை இம்முறையில் குறிக்க இயலாது. கவனமின்றி எழுதப்பட்ட நிரலில் அத்தகைய மேற்சுரங்கள் கீழ்நோக்கி மடங்கி, இசையோடு பொருந்தாத இரைச்சலாகக் கேட்கும். இது மாற்றுருவேற்றம் எனப்படும். ஒரு நிரலின் தரத்தை அறிய, ரம்பப்பல் அலையை வடிகட்டியின்றி மிக உயர்ந்த சுரங்களில் வாசித்து, பின்னணியில் வேறு சுரம் கேட்கிறதா எனக் கவனிப்பது எளிய சோதனை ஆகும்.

ஒலியாக்க முறைகள்

- கழித்தல் முறை: மேற்சுரங்கள் மிகுந்த அலையை உருவாக்கி, வேண்டாதவற்றை வடிகட்டியால் நீக்குவது. பேஸ், லீட், பேடு ஆகிய மூவகை ஒலிக்கும் ஏற்றது. கற்பதற்கு எளியது.
- அதிர்வெண் பண்பேற்ற முறை: ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் மாற்றுவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் 1967இல் இதனைக் கண்டறிந்தார். டிஎக்ஸ்7 இம்முறையில் இயங்கியது. மணி, உலோகம், கூர்மையான பேஸ் ஆகியவற்றுக்கு ஏற்றது.
- அலை அட்டவணை முறை: பல அலைவடிவங்களை வரிசையாகச் சேமித்து, அவற்றினூடே நகர்வது. மாசிவ், சீரம், வைட்டல் ஆகியவை இவ்வகையின. மாறிக்கொண்டே இருக்கும் ஒலிகளுக்கு ஏற்றது.
- கூட்டல் முறை: பல சைன் அலைகளைக் கூட்டி ஒலியை உருவாக்குவது. கணிப்புச் சுமை மிகுந்தது.
- மாதிரி முறை: பதிவு செய்த ஒலியை வெவ்வேறு சுரங்களில் ஒலிக்கச் செய்வது. பறை, உறுமி, நாதசுரம் போன்ற உண்மைக் கருவிகளின் ஒலி தேவைப்படும் இடங்களில் பயன்படுகிறது.
- துகள் முறை: பதிவு செய்த ஒலியை மிகச் சிறு துண்டுகளாக்கி மீண்டும் அடுக்குவது. பின்னணிச் சூழல் ஒலிகளுக்கு ஏற்றது.

தெரிவு செய்தல்

ஒலியின் தேவை

நடன இசை வகைகள் வேகத்தாலும் ஒலியாலும் வேறுபடுகின்றன. ஹவுஸ் இசை பொதுவாக நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகளும், டிரான்ஸ் 130 முதல் 140 அடிகளும், டிரம் அண்டு பேஸ் 170 முதல் 180 அடிகளும் கொண்டவை. டிரான்ஸ் இசையின் அகன்ற ஒலி, சற்றே சுருதி விலகிய பல ரம்பப்பல் அலைகளை ஒருசேர ஒலிக்கச் செய்வதால் கிடைப்பது. ரோலண்டு நிறுவனம் 1996இல் வெளியிட்ட ஜேபி-8000 கருவியில் ஏழு அலைகளை இவ்வாறு அடுக்கும் வசதி இருந்தது. இவ்வொலிக்குக் கழித்தல் முறை போதுமானது. டப்ஸ்டெப் இசையின் உறுமும் பேஸ் ஒலிக்கு அலை அட்டவணை முறை எளிது. 1980களின் ஒலியைத் தழுவிய இசைக்கு அதிர்வெண் பண்பேற்ற முறை உதவும்.

எனவே முதலில் உருவாக்க வேண்டிய ஒலியின் முறையை அறிந்து, அம்முறையில் இயங்கும் ஒரு நிரலைத் தெரிவு செய்வது பொருத்தமாகும். ஆயிரக்கணக்கான முன்னமைவுகள் உள்ளன என்பது விளம்பரங்களில் முதன்மையாகக் கூறப்பட்டாலும், ஒலி எவ்வாறு உருவாகிறது என்பது திரையில் தெளிவாகத் தெரியும் நிரலே கற்பவருக்கு மிகுதியாகப் பயன்படும். கழித்தல் முறையை ஒரு நிரலில் கற்றுக்கொண்டவர் அதே முறையில் இயங்கும் பிற நிரல்களை எளிதாகக் கையாள முடியும்.

கணினியின் திறன்

ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கையும், ஒவ்வொரு சுரத்துக்கும் அடுக்கப்படும் அலைகளின் எண்ணிக்கையும் செயலியின் சுமையைத் தீர்மானிக்கின்றன. எடுத்துக்காட்டாக, நான்கு சுரங்கள் கொண்ட ஒரு சுரக்கூட்டில், ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு அலையியற்றிகளும், ஒவ்வோர் அலையியற்றிக்கும் ஏழு அடுக்குகளும் இருப்பின், 4 × 2 × 7 = 56 அலைகளைக் கணினி ஒரே நேரத்தில் கணிக்க வேண்டும். சுரக்கூட்டு மாறும்போது முந்தைய சுரங்கள் முழுமையாக மறையும் முன் புதியவை தொடங்கினால் இவ்வெண்ணிக்கை 112 ஆகும். மின்சுற்றுகளை நுணுக்கமாகப் போலச் செய்யும் நிரல்கள் ஒவ்வோர் அலைக்கும் இன்னும் கூடுதலாகக் கணிக்கின்றன. யூ-ஹே நிறுவனத்தின் திவா இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகும்.

கட்டையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடைப்பட்ட தாமதமும் கருதத்தக்கது. கணினி மாதிரிகளை இடையகம் ஒன்றில் சேர்த்து வைத்து அனுப்புகிறது. இடையகத்தின் அளவு 256 மாதிரிகள் எனில் அதனால் ஏற்படும் தாமதம் ஏறக்குறைய 5.8 மில்லிநொடி, 1,024 எனில் 23.2 மில்லிநொடி. நிமிடத்துக்கு 128 அடிகள் கொண்ட இசையில் ஓர் அடியின் கால்பங்கு 117 மில்லிநொடி மட்டுமே என்பதால், நேரடியாக வாசிப்போருக்கு இரண்டாவது தாமதம் இடையூறாக உணரப்படும். இடையகத்தைச் சிறிதாக்கினால் செயலிக்குக் கிடைக்கும் அவகாசம் குறைந்து ஒலியில் வெடிப்புகள் ஏற்படும். பழைய கணினி வைத்திருப்போர், சுமை மிகுந்த தடங்களை ஒலிக்கோப்புகளாக மாற்றிவிட்டு எஞ்சிய பணியைத் தொடர்வது வழக்கம். கணினி வாசித்து முடித்த இசையைத் திருத்துவோருக்குத் தாமதம் பொருட்டன்று.

செருகுநிரல் வடிவம்

விஎஸ்டி, ஆப்பிள் கணினிகளுக்கான ஏயூ, லினக்சில் தோன்றிய எல்வி2, 2022இல் யூ-ஹே மற்றும் பிட்விக் நிறுவனங்கள் திறந்த உரிமத்தில் வெளியிட்ட கிளாப் ஆகியவை முதன்மையான வடிவங்கள். இசையமைப்பு மென்பொருள் எந்த வடிவத்தை ஏற்கிறதோ அவ்வடிவத்தில் இசைத்தொகுப்பி கிடைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, லாஜிக் மென்பொருள் ஏயூ வடிவத்தை மட்டுமே ஏற்கும்.

உரிமமும் நீடிப்பும்

இசைத்தொகுப்பி இல்லாவிடில் அதனைக் கொண்டு அமைத்த பாடலின் கோப்பைத் திறந்தாலும் அத்தடம் ஒலிக்காது. ஆகவே உரிமமும் நீடிப்பும் இசையமைப்பாளரின் படைப்புகளோடு நேரடித் தொடர்புடையவை. கடந்த காலத்தில் பின்வரும் மாற்றங்கள் பலரது பழைய கோப்புகளைப் பாதித்தன.

- 2002இல் ஆப்பிள் நிறுவனம் எமாஜிக் நிறுவனத்தை வாங்கியதும், லாஜிக் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது.
- 2018இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி2 வடிவத்துக்கான உரிமத்தைப் புதிய நிரலாளர்களுக்கு வழங்குவதை நிறுத்தியது.
- 2019இல் வெளிவந்த மேக்ஓஎஸ் கேட்டலீனா இயங்குதளத்தில் 32 பிட்டு நிரல்கள் இயங்கவில்லை. 64 பிட்டுக்கு மாற்றப்படாத இசைத்தொகுப்பிகள் அவ்வியங்குதளத்தில் பயனற்றுப் போயின.

வணிக மென்பொருள்கள் ஒருமுறை விலை, தவணை முறை, மாதச் சந்தா ஆகிய வழிகளில் விற்கப்படுகின்றன. சந்தா முறையில் பணம் செலுத்துவதை நிறுத்தினால் பொதுவாக நிரலும் நின்றுவிடும். வாங்குவதற்கு முன், இணைய இணைப்பின்றி நிரல் இயங்குமா, எத்தனை கணினிகளில் நிறுவலாம், உரிமத்தைப் பிறருக்கு மாற்ற இயலுமா ஆகியவற்றை அறிவது நன்று.

உரிமமற்ற படிகள் புழக்கத்தில் உள்ளமை பரவலாக அறியப்பட்டதே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63பி பிரிவின்படி, கணினி நிரலின் உரிமை மீறிய படியை அறிந்தே பயன்படுத்துவது குற்றமாகும். இதற்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். தீநிரல் பரவும் வழிகளுள் ஒன்றாகவும் இப்படிகள் உள்ளன. பணம் இல்லாத நிலையிலும் இவற்றை நாடத் தேவையில்லாத அளவுக்குக் கட்டற்ற மென்பொருள்கள் வளர்ந்துள்ளன.

எந்த நிரலைப் பயன்படுத்தினாலும், பாடல் முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி வேவ் ஒலிக்கோப்பாகவும், சுரங்களை மிடி கோப்பாகவும் சேமித்து வைப்பது பாதுகாப்பானது. இவ்விரு வடிவங்களும் எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் சார்ந்தவை அல்ல.

சுருதியும் கமகமும்

பெரும்பாலான இசைத்தொகுப்பிகள் ஒரு தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பகுக்கும் மேற்கத்திய முறையில் சுருதி சேர்க்கப்பட்டவை. சட்சம் 261.6 எர்ட்சு எனில், இம்முறையில் அந்தர காந்தாரம் 329.6 எர்ட்சு ஆகும். 5/4 என்ற இயற்கை விகிதத்தில் அது 327.0 எர்ட்சாக இருக்க வேண்டும். தம்பூரா போன்ற ஆதார சுருதியோடு நீண்டு ஒலிக்கையில் இவ்வேறுபாடு நடுக்கமாகக் கேட்கும். ஸ்கேலா எனப்படும் சுருதிக் கோப்புகளை ஏற்கும் நிரல்களில் இதனைச் சரிசெய்யலாம். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், சின்ஆட்சப்எஃப்எக்ஸ் ஆகியவை இவ்வசதி கொண்டவை.

கமகம் இதனினும் கடினமானது. மிடி முறையில் சுரத்தை வளைக்கும் கட்டளை ஓர் அலைத்தடத்தின் எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைக்கும். ஆகவே ஆதார சுருதியும் பாடும் சுரமும் ஒரே தடத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே அசையும். இதற்குத் தீர்வாக, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க உதவும் எம்பிஇ என்னும் சீர்தரம் 2018இல் ஏற்கப்பட்டது. அதனை ஏற்கும் நிரல்களும் கருவிகளும் கமகத்துக்கு ஏற்றவை. இவ்வசதி இல்லாத நிலையில் ஆதார சுருதியைத் தனித் தடத்தில் வைத்து, மெட்டை ஒற்றைச் சுர முறையில் வாசிக்க வேண்டும். வளைவின் எல்லை பொதுவாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள் என அமைந்திருக்கும். பெரிய சாருகளுக்கு இதனை அதிகரிக்க வேண்டும்.

ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கிளைடு வசதி டிபி-303 கருவியின் தனித்தன்மை ஆகும். சரண்ஜித் சிங்கின் பதிவில் இராகங்கள் இயல்பாகப் பொருந்தியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

தாளம்

ஹவுஸ், டெக்னோ ஆகியவை ஓர் அடியை நான்காகப் பகுக்கும் சதுச்ர நடையில் அமைபவை. டப்பாங்குத்து போன்ற தமிழ் ஆட்ட இசை பெரும்பாலும் மூன்றாகப் பகுக்கும் திச்ர நடையில் அமைவது. ஆகவே இவ்விரண்டையும் கலக்க விரும்புவோர், ஆர்பெஜியேட்டர் எனப்படும் சுரவரிசை இயக்கியில் மும்மைப் பகுப்பு உள்ளதா என்றும், 16 படிகள் கொண்ட வரிசையை 12 படிகளாகக் குறைக்க இயலுமா என்றும் பார்க்க வேண்டும்.

கட்டற்ற மென்பொருள்கள்

பின்வருவன திறந்த மூல நிரல்களாக வெளியிடப்பட்டவை.

- சின்ஆட்சப்எஃப்எக்ஸ்: உருமேனியாவின் நாஸ்கா ஆக்டேவியன் பால் 2002 முதல் உருவாக்கியது. கூட்டல், கழித்தல் முறைகள் கொண்டது. பேடு ஒலிகளுக்குப் பெயர்பெற்றது.
- எல்எம்எம்எஸ்: முழுமையான இசையமைப்பு மென்பொருள். லினக்சு, விண்டோஸ், மேக்ஓஎஸ் ஆகியவற்றில் இயங்கும். பல இசைத்தொகுப்பிகளை உள்ளடக்கியது. பழைய கணினியில் தொடங்குவோருக்கு ஏற்றது.
- டெக்ஸெட்: டிஎக்ஸ்7 கருவியைப் போலச் செய்வது. அக்கருவியின் முன்னமைவுகளை அப்படியே ஏற்கும்.
- சர்ஜ் எக்ஸ்டி: வணிக மென்பொருளாக இருந்து 2018இல் குனூ பொது உரிமத்தில் வெளியிடப்பட்ட சர்ஜ் நிரலின் வளர்ச்சி. தன்னார்வலர்கள் பராமரிக்கின்றனர்.
- வைட்டல்: மாட் டைட்டெல் 2020இல் வெளியிட்ட அலை அட்டவணை இசைத்தொகுப்பி. ஒலி உருவாகும் விதத்தைத் திரையில் அசையும் வரைபடமாகக் காட்டுவதால் கற்பவருக்கு ஏற்றது. நிரலின் இலவசப் பதிப்போடு, கூடுதல் முன்னமைவுகள் கொண்ட கட்டணப் பதிப்புகளும் உள்ளன.

சர்ஜ் நிரலின் வரலாறு உரிமத்தின் இன்றியமையாமையை உணர்த்துகிறது. அதனை உருவாக்கியவர் வணிக விற்பனையைத் தொடராத நிலையிலும், மூலநிரல் திறக்கப்பட்டதால் அது கைவிடப்படாமல் புதிய இயங்குதளங்களுக்கும் மாற்றப்பட்டது.

செங்கல்பட்டு - மாமல்லபுரம் கடற்கரை

செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது. இதன் கடற்கரையில் முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் ஆகிய ஊர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ளன. இதற்கு மேற்கே சிறுசேரி முதலிய இடங்களில் மென்பொருள் நிறுவன வளாகங்கள் உள்ளன. கோவளத்தில் 2013இல் தொடங்கிய அலைச்சறுக்கு இசைவிழா, திறந்தவெளிக் கடற்கரையில் பல்வகை இசையையும் ஒலிக்கச் செய்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளில், குறிப்பாகப் புத்தாண்டை ஒட்டி, டிஜே நிகழ்ச்சிகள் நடைபெறுவது வழக்கம். ஆண்டுதோறும் மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா பரதநாட்டியம் முதலிய மரபு நடனங்களுக்கானது. மின்னணு நடன இசையோடு தொடர்புடையது அன்று.

இப்பகுதியின் சூழல் இசைத்தொகுப்பித் தெரிவைப் பின்வரும் வகைகளில் பாதிக்கிறது.

உப்புக்காற்றும் மின்தடையும்

கடற்கரையின் உப்பும் ஈரமும் கலந்த காற்று வன்பொருள் இசைத்தொகுப்பிகளின் குமிழ்களையும் மின்தொடுப்புகளையும் அரிக்கிறது. குமிழைத் திருப்பும்போது கரகரப்பு எழுவது இதன் முதல் அறிகுறி ஆகும். மென்பொருளில் இச்சிக்கல் இல்லை. கணினி ஒன்றை மட்டும் காத்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இக்கடற்கரை புயல்களுக்கு உள்ளாகிறது. 2022 திசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மின்சாரமும் இணையமும் இல்லாத நாட்களில், அவ்வப்போது இணையவழி உரிமச் சரிபார்ப்பு கோரும் நிரல் திறக்காமல் போகலாம். மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினியும் இணையம் வேண்டாத நிரலும் இங்கு பயன்மிக்கவை.

திறந்தவெளியில் பேஸ் ஒலி

அறையில் சுவர்களால் வலுப்பெறும் தாழ்ந்த ஒலிகள் திறந்த கடற்கரையில் அவ்வாறு வலுப்பெறுவதில்லை. அறையில் சரியாகக் கேட்ட பேஸ் ஒலி மணற்பரப்பில் மெலிந்து கேட்கும். 55 எர்ட்சில் தூய சைன் அலையாக அமைந்த பேஸ் ஒலி, சிறு ஒலிபெருக்கிகளிலும் கேளாமல் போகும். அதனோடு ரம்பப்பல் அலையைச் சிறிதளவு சேர்த்தால் 110, 165, 220 எர்ட்சு ஆகிய மேற்சுரங்கள் கிடைக்கும். அடிப்படை அதிர்வெண் கேளாதபோதும் இம்மேற்சுரங்களிலிருந்து செவி அச்சுரத்தை உணர்ந்துகொள்ளும். இவ்வாறு கலக்க, ஒன்றுக்கு மேற்பட்ட அலையியற்றிகள் கொண்ட எளிய கழித்தல் முறை இசைத்தொகுப்பியே போதும்.

ஒலி விதிகள்

இந்திய அரசின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000இன்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தத் தடை உள்ளது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிகளின் ஒலி அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுக்கப்பட்டுள்ளது.

இவ்வளவுகள் செவியின் இயல்புக்கேற்ப எடையிடப்பட்ட ஏ வகை டெசிபலில் குறிக்கப்படுகின்றன. இம்முறையில் 50 எர்ட்சு ஒலி ஏறக்குறைய 30 டெசிபல் குறைத்தே கணக்கிடப்படும். ஆனால் தாழ்ந்த ஒலிகளே சுவர்களையும் கூரைகளையும் எளிதாகக் கடந்து நெடுந்தொலைவு செல்பவை. ஆகவே அளவுமானி விதியின் எல்லைக்குள் காட்டும் நிலையிலும், விடுதிகளை அடுத்துள்ள மீனவக் குப்பங்களில் பேஸ் ஒலி மட்டும் இரவில் கேட்கக்கூடும். 40 எர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை இசைத்தொகுப்பியின் வடிகட்டியால் நீக்கி, பேஸ் ஒலியை மேற்சுரங்களின் துணையோடு கேட்கச் செய்வது ஆடுவோருக்குக் குறைவின்றி, அயலாருக்கு இடையூறைக் குறைக்கும் ஒரு வழி ஆகும்.

குறைபாடுகள்

மென்பொருள் இசைத்தொகுப்பிகளைப் பற்றிக் கூறப்படும் முதன்மையான குறை, ஒரே முன்னமைவுகளைப் பலரும் பயன்படுத்துவதால் பாடல்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்பதாகும். குமிழ்களைக் கையால் திருப்பும் உணர்வு சுட்டியில் கிடைப்பதில்லை என்பது மற்றொன்று. மிடி கட்டுப்பாட்டுக் கருவிகள் இதனை ஓரளவு ஈடுசெய்கின்றன. தெரிவு மிகுதியாக இருப்பதும் ஒரு குறையே. புதிய நிரல்களைத் தேடி நிறுவுவதில் செலவாகும் நேரம், கையிலுள்ள ஒன்றை முழுமையாகக் கற்பதிலிருந்து எடுக்கப்படுவது ஆகும். சரண்ஜித் சிங்கின் 1982ஆம் ஆண்டுப் பதிவு மூன்றே கருவிகளைக் கொண்டு உருவானது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- மிடி
- கட்டற்ற மென்பொருள்
- அதிர்வெண் பண்பேற்றம்
- கமகம்
- ஒலி மாசு
- கோவளம், செங்கல்பட்டு மாவட்டம்